கரண்டி நிறைய

அந்த மழையில் முதலில் கெட்டுப்போனது தராசுதான். கலவை அறையில் மேசைமேல், கண்ணாடி மூடி போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சின்ன மின்தராசு. ஒரு காலையில் பொத்தானை அழுத்தியதும் எண்கள் நிற்க மாட்டேன் என்று ஓடின. காலித் தட்டை நாற்பது என்றது. இரண்டு தட்டுத் தட்டி வைத்தால் எழுபது என்றது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டது.

“நமக்கே நாலு நாளா மூக்கு ஒழுகுது, அதுக்கு மட்டும் சளி பிடிக்காதா?” என்றாள் ரேடியோ.

ரேடியோ கடலை பொறுக்குகிறவள். கொட்டகைக்குள் காலடி வைத்த நேரத்திலிருந்து வீடு திரும்பும்வரை வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். வைத்தவர் பென்சில் சார். அவர் மேற்பார்வையாளர், காதில் செருகிய பென்சிலைக் குளிக்கும்போதாவது எடுப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் ரேடியோ.

பென்சில் சார் தராசைத் துணியில் சுற்றிப் பழுது பார்க்கிறவனிடம் அனுப்பினார். இரண்டு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. இரண்டு வாரம் வேலையை நிறுத்திவைக்க முடியாது. கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வார்டு, பதினொரு கட்டில். பதினொன்றிலும் எலும்பும் தோலுமாக ஒவ்வொன்று கிடந்தது.

கொட்டகையில் செய்வது ஒரே பொருள். வறுத்து அரைத்த கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், ஐந்தாவதாக வெள்ளிநிறப் பையில் வரும் மஞ்சள் தூள். உடம்புக்கு வேண்டிய உயிர்ச்சத்து, உப்புச்சத்து எல்லாம் அந்தத் தூளில்தான் இருந்தன. ஐந்தும் சேர்ந்தால் விழுது. உள்ளங்கை அகலத்தில் பொட்டலம். மெலிந்துபோன பிள்ளை நாளைக்கு இரண்டரைப் பொட்டலம் தின்றால் இரண்டு மாதத்தில் எழுந்து ஓடும். வார்டில் அதைச் சாப்பாடு என்று சொல்ல மாட்டார்கள். மருந்து என்பார்கள். முன்பு அது கப்பலில் வந்துகொண்டிருந்தது. கடலை விளைகிற ஊருக்குக் கடலையைக் கப்பலில் கொண்டுவருவானேன் என்று ஒரு டாக்டர் கேட்டதில் பிறந்தது இந்தக் கொட்டகை. ஆனாலும் இங்கே செய்ததும் கப்பலில் வந்ததும் ஒன்றாகுமா என்ற சந்தேகம் வார்டைவிட்டு முழுதாகப் போகவில்லை. ஒரு பிள்ளைக்கு எடை ஏறாவிட்டால் போதும், எடை பார்க்கிற நர்ஸம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தாய்மார்கள் அவளைத் தராசம்மா என்றார்கள்.

பென்சில் சார் ஒரு தகரத்தை வெட்டி வளைத்துக் கரண்டி செய்தார். ஆஸ்பத்திரி மருந்தகத்துத் தராசில் தூளை அதில் அள்ளி நிறுத்துப் பார்த்து, அங்கே கொஞ்சம் நறுக்கி, இங்கே கொஞ்சம் தட்டி, அரைநாள் அதோடு மல்லாடினார். மத்தியானம் கொண்டுவந்து பெரியவளிடம் கொடுத்தார்.

கலக்குகிற வேலை பெரியவளுடையது. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் பெரியவள். அவள் கணவன் கொட்டகையில் கடலை வறுக்கிறவன், அவன் வாயில் வந்த பெயரே வேலையிடத்திலும் நிலைத்துவிட்டது. நாற்பது வயது. பிள்ளை இல்லை. கலவை அறைக்குள் ஈரத்துணிகூட வரக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விழுது பூஞ்சை பூத்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அழுகை வந்தால்கூட வெளியே போய்த்தான் அழுவாள் என்று ரேடியோ கேலி செய்வாள்.

“ஒரு தொட்டிக்குப் பத்துக் கரண்டி,” என்றார் பென்சில் சார். “கரண்டி நிறைய இருக்கணும்மா. குறைஞ்சுதுன்னா பிள்ளைங்களுக்குப் பிரயோஜனம் இல்ல.”

“நிறையத்தானே சார்? போட்டுடறேன்.”

“எண்ணிக்கை தப்பக் கூடாது.”

“எண்ணுறதுல என்னைக்குத் தப்பியிருக்கேன்?”

அது உண்மை. அவள் மேசை விளிம்பில் பத்துக் கடலையை வரிசையாக வைத்துக்கொள்வாள். ஒரு கரண்டி போட்டதும் ஒரு கடலையை இந்தப் பக்கம் தள்ளுவாள். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள். கரண்டியைப் பைக்குள் ஆழ விட்டு எடுத்தாள். தூள் விளிம்புக்குமேல் எழுந்து சின்னக் குன்றாக நின்றது. சரிந்துவிடாமல் இடக்கையை அடியில் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிவரை கொண்டுபோய்ச் சாய்த்தாள். ஒரு கடலை. குன்று கொஞ்சம் சரிந்துவிட்டால் மறுபடி பைக்குள் விட்டு எடுத்தாள். அவள் பிறந்த வீட்டில் உப்பானாலும் மாவானாலும் அப்படித்தான் அளந்தார்கள். விளிம்போடு வழித்து அளப்பது கடைக்காரன் பழக்கம் என்பது அந்த வீட்டு நினைப்பு.

அந்த வாரம் அவள் அவ்வளவு கவனமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினொரு கட்டிலில் நான்காவது கட்டிலில் கிடந்தது அவள் தங்கை மகள்.

தங்கையைச் சின்னவள் என்போம். இருவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்தவளே பெரியவள்தான். சின்னவளின் கணவன் சாலை போடுகிற வேலைக்குப் போனவன், மாதத்துக்கு ஒருமுறை தார் வாசனையோடு வருவான். பிள்ளைக்கு ஒன்றரை வயது. பிறக்கும்போதே கையளவு, கறுப்பு, உருண்டை. அதைப் பார்த்துப் பெரியவள் வைத்த பெயர் மிளகு. தட்டம்மை வந்து, அம்மையின் பின்னாலேயே வயிற்றுப்போக்கு வந்து, மூன்று வாரத்தில் மிளகு பாதியாகிவிட்டது. கைமட்டும் குச்சி, காலோ வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. மெலிவை அளக்கக் கையைச் சுற்றிப் பிடிக்கிற நிறப்பட்டையில் அவள் கை ஆபத்தைக் காட்டும் சிவப்பிலேயே நின்றது.

முதல் நான்கு நாள் கரண்டி கரண்டியாகப் பால்மட்டும் கொடுத்தார்கள். வீக்கம் இறங்கியதும் விழுது; தராசு கெடுவதற்குமுன் செய்த பொட்டலம். முதல் நாள் நக்கினாள். மறுநாள் பொட்டலத்தையே பிடுங்கினாள்.

பெரியவள் சாப்பாட்டு நேரத்தில் மதிலில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு வார்டுக்குப் போவாள். தாய்மார்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மருந்து நெடி, ஈரத்துணி நெடி, எல்லாவற்றுக்கும் மேலே வறுத்த கடலை வாசனை.

“அக்கா, இங்க பாரேன் இவளை. நான் பிரிக்கறதுக்குள்ள அவசரம். பல்லால கடிக்கிறா.”

“கடிக்கட்டும். பெரியம்மா கையால செஞ்சதாச்சே.”

“ஆமாம், ஊருக்கெல்லாம் செய்யறா, என்னமோ இவளுக்காகவே உலை வெச்ச மாதிரி பேச்சு.”

“மத்தவங்களுக்குச் செய்யறது சம்பளத்துக்கு. இவளுக்குச் செய்யறது ஓசி. போடி.”

தராசம்மா தொட்டில் தராசோடு வந்தாள். “அக்கா தங்கச்சி சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. பிள்ளையைக் குடு.” மிளகைத் தராசில் கிடத்தினாள். ஐந்து கிலோ எண்ணூறில் ஆரம்பித்தவள் ஆறு கிலோ இருநூறு. தராசம்மா சிரிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் பிள்ளையின் வயிற்றில் ஒரு விரலால் குத்தி, “ஆறு இருநூறுங்க மேடம்,” என்றாள். அதற்கு மிளகு சிரித்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு, நான்கு பல்.

அதற்குப் பிறகு நான்காம் நாள் சின்னவள் கதவருகிலேயே காத்து நின்றாள்.

“நேத்து சாயங்காலத்திலேருந்து வாயைத் திறக்க மாட்டேங்கறா அக்கா.”

“பல் வருதோ என்னமோ.”

“பல் இல்ல. வெச்சா துப்பறா. நாக்கால தள்ளித் தள்ளித் துப்பறா.”

பெரியவள் மடியில் வாங்கி, விழுதைக் கொஞ்சம் பிதுக்கி உதட்டில் வைத்தாள். மிளகு அவள் முகத்தைப் பார்த்தது. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பியது. பக்கத்துக் கட்டில்காரி, “இவனும் அப்படித்தான் பண்றான். காலையில தின்னதையெல்லாம் என் மேலேயே வாந்தி எடுத்துட்டான்,” என்றாள். அதற்கடுத்த கட்டிலிலும் அதே கதை.

மறுநாள் தராசம்மாவே மதில்கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அதுவே முதல் முறை. வறுக்கிற சூட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்று, “இந்த வாரம் என்ன மாத்தினீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் மாத்தலையே,” என்றார் பென்சில் சார்.

“பதினொண்ணுல எட்டுப் பிள்ளை துப்புது. பெரிய டாக்டர் கேட்டார்னா, கப்பல் பெட்டியையே திரும்ப வரவழைச்சிடுங்கன்னு சொல்லிடுவேன்.”

அவள் போனபின் இரும்பு உருளை மட்டும் கடகடவென்று சுற்றியது. அதைச் சுற்றிக்கொண்டிருந்தவன் பெரியவளின் கணவன். பதினைந்து வருடம் கடலை வறுத்து இடதுகைப் புறங்கையில் முடியே முளைக்காதவன். மூக்கைக் கொண்டே பக்குவம் சொல்வான்.

“என் வறுவலைத்தான் சொல்றா,” என்றான்.

“உன்னை யாரு சொன்னா? அவ பொதுவாச் சொன்னா,” என்றாள் ரேடியோ.

“மழையில கடலை ஈரமா வருது. உள்ளே காயணுமேன்னு ரெண்டு சுத்து கூட விட்டேன். கருகல் ஏறியிருக்கும். பிள்ளைங்க நாக்குக்குத் தெரியாதா?”

அவன் நெருப்பைக் குறைத்தான். அடுத்த நாள் கடலை பொன்னிறத்தில் இறங்கியது, அவன் வாழ்நாளில் அவ்வளவு வெளிறி வறுத்ததில்லை. பொறுக்குகிறவர்கள் ஏற்கெனவே பொறுக்கின மூட்டைகளை மறுபடி கொட்டிப் பொறுக்கினார்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப்புள்ளி விழுந்தது எல்லாம் தனியே போயிற்று. எண்ணெய் டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து காறல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார்கள். பென்சில் சாருக்குச் சர்க்கரை நோய், விழுதை வாயில் வைக்க மாட்டார். ரேடியோதான் ஒரு சொட்டு வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

“துருப்பிடிச்ச தாழ்ப்பாளை நக்கின மாதிரி இருக்கு.”

“நீ எப்ப தாழ்ப்பாளை நக்கினே?”

“என் மாமியா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாளே, அப்ப.”

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாளாகச் சிரிக்காதவர்கள்; அதனால் சிரிப்பு கொஞ்சம் நீண்டது. சிரிப்பு அடங்கியபோது அவள் சொன்ன சொல்லும் அதோடு போய்விட்டது.

பெரியவளும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். அடியில் ஒரு இரும்புக் கசப்பு இருந்தது. இருக்கத்தானே வேண்டும், மருந்துதானே என்று நினைத்தாள். கசப்பு இருந்தால் சத்து இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் கால்வாசிப் பொட்டலம்தான் தின்கின்றன என்றால், அந்தக் கால்வாசியிலாவது சத்து குறையாமல் போகட்டும். அன்றைக்குக் கரண்டியைப் பைக்குள் அழுத்தி எடுத்தாள்.

மிளகு ஆறு கிலோ ஆனாள். பிறகு ஐந்து எண்ணூற்றைம்பது. மறுபடி வயிற்றுப்போக்கு. கண்ணுக்குக் கீழே தோல் காகிதம்போல மடிந்தது. பெரியவள் ஒரு மத்தியானம் போனபோது சின்னவள் பிள்ளையை மடியில் இறுக்கி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்காக வாய் திறந்ததும் மறுகையால் விழுதைத் திணித்தாள். மிளகு விக்கியது, விழுங்கியது, அழக்கூட நேரமில்லாமல் மறுபடி வாயை மூடியது.

“என்னடி பண்றே!”

“தராசம்மா சொல்லிட்டாங்க. இன்னும் இறங்கினா மூக்குல குழாய் வெச்சிடுவாங்களாம். வேற வழி சொல்லு.” சின்னவள் முன்கையால் கண்ணைத் துடைத்தாள். “பெரியம்மா செஞ்சது தங்கம், பெரியம்மா உனக்காகச் செஞ்சதுன்னு சொல்லிச் சொல்லித்தான் ஊட்டறேன். கேக்கவே மாட்டேங்கறா. இவ்வளவு பிடிவாதம் எங்கேருந்து வந்துது இதுக்கு? அவங்கப்பன் புத்தி.”

பெரியவள் குனிந்து மிளகின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். பிள்ளை அவள் விரலைக் கண்டதும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

கரண்டி வந்த எட்டாம் நாள் காலை, தூள் தீர்ந்துவிட்டது. பெரியவள் காலிப் பையை மடித்துக்கொண்டு வந்து, “சார், அடுத்த பை குடுங்க,” என்றாள்.

பென்சில் சார் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். “அதுக்குள்ளயா?”

“தீர்ந்துடுச்சே.”

“ஒரு பை இருபத்தஞ்சு தொட்டிக்கு வரணும். நீ பதினாலுதானே கலந்திருக்கே?” காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எதுவும் எழுதவில்லை. “எங்கேயாவது கொட்டிட்டியா?”

“ஒரு துளி கொட்டல சார். கையை அடியில ஏந்திக்கிட்டுத்தான் கொண்டுபோவேன்.”

“கையை எதுக்கு ஏந்தறே?”

“சரியுமே.”

அவர் எழுந்தார். புதுப் பையைப் பிரித்து அவள்முன் வைத்தார். “ஒரு கரண்டி எடு. எப்பவும் எடுக்கற மாதிரி.”

அவள் எடுத்தாள். மஞ்சள் குன்று எழுந்து நின்றது. இடக்கை தானாக அடியில் போயிற்று.

பென்சில் சார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த அறையில் ரேடியோ யாரையோ வைதுகொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் தகரத்தின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னம்மா?”

“நிறையன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“நிறையன்னா…” அவர் விரலை எடுத்துக் கரண்டியின் விளிம்பில் வைத்து மெல்ல வழித்தார். குன்று பைக்குள் விழுந்தது. விளிம்போடு சமமாகத் தூள் நின்றது. “இதும்மா. இதுதான் நிறைய.”

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். அவளும் பின்னால் போனாள். வழித்த கரண்டி முப்பத்திரண்டு கிராம் இருந்தது. அவள் கையால் அள்ளிய கரண்டி ஐம்பத்தாறு. நம்பாமல் இன்னொரு முறை அள்ளச் சொன்னார். ஐம்பத்தேழு.

“கசக்கும்,” என்றார் அவர், தராசைப் பார்த்தபடியே. “இரும்பு மாதிரி கசக்கும். வயித்தைப் புரட்டும். பெரியவங்களாலேயே முழுங்க முடியாது.”

திரும்பி நடக்கும்போது மதில்கதவருகே நின்றார். “வார்டுல நான் சொல்லிக்கறேன். அளவு தப்பிடுச்சு, பழைய பொட்டலத்தையெல்லாம் எடுத்துடுங்கன்னு. யாரு, எவருங்கற பேச்சு வேணாம். வழிச்சு அளன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும்.”

“அள்ளினது என் கை சார்.”

“வாய் என்னோடது,” என்றார். பென்சிலைக் காதில் செருகப் போய், அது நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

பழைய பொட்டலங்களை மத்தியானத்துக்குள் கூடை கூடையாகக் குழியில் கொட்டினார்கள். பெரியவளின் கணவன் கேட்டான்: “அப்ப என் வறுவல் இல்லையா?” அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து, வந்ததற்காகவே வெட்கப்பட்டு மறைந்தது. மேலே எதுவும் கேட்காமல் நெருப்பைக் கூட்டினான். அவள் பத்துக் கடலையை வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியின் முதுகால் வழித்தாள். ஒரு முறை வழித்ததை நம்பாமல் இரண்டாம் முறையும் வழித்தாள். சூடு ஆறுவதற்குக் காத்திருந்து, தொட்டியைக் கலக்கி, முதல் பொட்டலத்தைத் தானே மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

மற்றக் கட்டில்களில் அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பையன் முதலில் சந்தேகமாக நக்கினான், பிறகு விரலோடு கடித்தான். அவன் அம்மா வலியில் கத்திச் சிரித்தாள்.

மிளகு பொட்டலத்தைப் பார்த்ததுமே திரும்பிக்கொண்டது.

“இது வேற கண்ணு. இது நல்லது.” பெரியவள் தன் நாக்கில் வைத்துக் காட்டினாள். சப்புக்கொட்டினாள். பொட்டலத்தை மறைத்துவிட்டு விரலில் மட்டும் வைத்து நீட்டினாள். கிண்ணத்தில் பிதுக்கி ஊட்டினாள். சின்னவளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு ஊட்டினாள். உதடு திறக்கவில்லை. எந்த விழுதைத் தந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இனி அது பழைய விழுதுதான். மறுநாள் மூக்கில் குழாய் வைத்துப் பால் விட்டார்கள். அதற்கு மறுநாள் நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் நாள் பெரியவளின் சுண்டுவிரல் நுனியிலிருந்து ஒரு கடுகளவு விழுதை மிளகு நாக்கை நீட்டித் தொட்டது. ருசி பார்ப்பதுபோல நாக்கை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கியது. “அக்கா! முழுங்கிட்டா அக்கா!” என்று சின்னவள் வார்டே திரும்பிப் பார்க்கக் கூவினாள்.

அதற்கடுத்த நாள், வெயில் நன்றாக ஏறிய பதினொரு மணிக்கு, எடை பார்க்கிற நேரத்தில், தராசம்மா மிளகைத் தூக்கினாள். தராசில் வைக்கவில்லை. திரும்பக் கட்டிலிலேயே கிடத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பெரியவள் டாக்டரை நடைபாதையில் நிறுத்திக் கேட்டாள். “அந்தத் தூளாலயா டாக்டர்?”

அவர் சின்ன வயது. கண் சிவந்திருந்தது. “தெரியாதும்மா. அம்மை வந்த உடம்பு. வயித்துப்போக்கு. சளி. ஒரு வாரம் வயித்துக்கு ஒண்ணும் போகல. இதுல எதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“அந்த ஒரு வாரம் அதனாலதானே?”

அவர் வார்டுக்குள் திரும்பிப் போனார்.

சின்னவளின் கணவன் வந்தான். நான்கு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், திரும்ப வேலைக்குப் போனான். பெரியவள் தினமும் வேலைக்குப் போனாள். ஏழு பிள்ளைகள் எடை ஏறிக்கொண்டிருந்தன, இரண்டு வீட்டுக்கே போய்விட்டன. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தங்கை வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஒற்றை அறை வீடு. கயிற்றில் சின்னத் துணிகள் மடிக்கப்படாமல் தொங்கின.

யாரும் சின்னவளிடம் எதுவும் சொல்லவில்லை. பொட்டலத்தை மாற்றினார்கள் என்பது அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பென்சில் சார் வாக்குத் தவறாதவர். பெரியவளின் கணவன், “சொல்லி என்ன ஆகப்போகுது? உனக்கு ஆறும், அவளுக்கு ஆறுமா?” என்றான். அது அவள் மனதில் முள்ளாக நின்றது. தனக்கு ஆறுவதற்காகச் சொல்வதென்றால் சொல்லவே கூடாது என்று பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் சின்னவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவளாகவே பேசினாள்.

“முதல் வாரம் உன் கையாலதான் அக்கா எழுந்து உக்காந்தா. பிடுங்கிப் பிடுங்கித் தின்னாளே. அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன். அப்புறம் அவளுக்கு என்ன கிறுக்கு பிடிச்சுதோ. ஊர்ப் பிள்ளையெல்லாம் தின்னுட்டு எழுந்து போகுது, இது மட்டும் அடம் பிடிச்சே போச்சு. அவ்வளவு நல்லதைக் கண்ணெதிர வெச்சுக்கிட்டு, வேணாம்னு…”

பெரியவளால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. செத்துப்போன பிள்ளைமேல் அந்தப் பழி நிற்கக்கூடாது.

“அடம் இல்லடி,” என்றாள்.

தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. தராசு கெட்டதையும், கரண்டியையும், பென்சில் சார் சொன்ன சொல்லையும், தான் அள்ளிய விதத்தையும், எட்டு நாளையும், கசப்பு தெரிந்தும் இன்னும் அழுத்தி அள்ளியதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அங்கே இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

சின்னவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நிமிரவில்லை.

“அப்ப அவ பிடிவாதம் பிடிக்கலையா?”

“இல்ல.”

“கசந்துதுன்னுதான் துப்பினாளா?”

“ஆமா.”

“அத்தனை நாளும்?”

பெரியவள் தலையசைத்தாள். சின்னவள் தன் வலக்கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள்.

“நான் அவளை அடிச்சேன் அக்கா.”

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“தொடையில. ரெண்டு தடவ. எல்லாரும் தண்ணி பிடிக்கப் போயிருந்தப்போ. பெரியம்மா உனக்காகச் செஞ்சதைத் துப்பறியா, துப்பறியான்னு கேட்டு அடிச்சேன். அழல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.” குரல் தட்டையாக வந்தது. “வாய் பேச வராத பிள்ளை. அதுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.”

பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் தோளை ஒடுக்கிக்கொண்டாள். கை பாதியில் நின்றது, பிறகு திரும்பி வந்தது.

“எழுந்து போ அக்கா.”

பெரியவள் எழுந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கலாமா என்று பார்த்தாள், எடுக்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவரும் சொல்கிற சொல் ஒன்றுதான்: வரேன். அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. போறேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. வாசல்படியில் கால் வைத்து அப்படியே நின்றாள்.

உள்ளே கிண்ணம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு சின்னவளின் குரல், சுவரைப் பார்த்துப் பேசுகிறவளின் குரலாக வந்தது.

“இன்னைக்கு உன் முகத்தைப் பார்க்க முடியல. நாளைக்கு வா.”